மார்த்தோர்ப்பிலிருந்து வந்தவன்

மெற்றில்டா அந்தக் குரலைக் கேட்டபோது குசினியில் விளைமீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வாசலில் யாரோ பார்சல் கொண்டுவந்திருந்தான். "கையெழுத்து வேண்டாம், டக். பெயரை மட்டும் சொன்னால் போதும்" என்றான் ஆங்கிலத்தில். அவ்வளவுதான். அவளுடைய கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

குமரியையும் கிழவியையும் ஒரே மாதிரி 'டக்' என்று கூப்பிடுகிற வழக்கம் லண்டனில் இல்லை. சொல்லின் நடுவை இழுத்து, கடைசியைப் பொத்தென்று கீழே போடுகிற அந்தப் பேச்சும் இங்கே இல்லை. அதெல்லாம் வடக்கே லிங்கன்ஷயர் வயல்வெளிப் பேச்சு. லிங்கன்ஷயரிலிருந்து லண்டனுக்கு எத்தனையோ பேர் வந்திருக்கலாம். ஆனால் இது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரிந்தது.

கையைத் துடைக்காமலே முன்னறைக்குப் போய் யன்னல் திரையை ஒரு விரலளவு விலக்கினாள். தெருவின் மறுபக்கம் பார்சல் வான் நின்றது. மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவன் வானுக்குள் குனிந்து பெட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். தலை வழுக்கை, உடம்பு தடித்திருந்தது. இடது தோள் வலது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. அவன் நிமிர்ந்து திரும்பியபோது முகத்தையும் பார்த்தாள். பார்த்த கையோடு யன்னலுக்குக் கீழே தரையில் இருந்துவிட்டாள்.

பின்னறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த ஞானரட்ணம் குரல் கொடுத்தார். "மெற்றில்டா, பைப்பைத் திறந்துபோட்டிட்டு எங்க போனனீர்?"

"இஞ்சதான் நிக்கிறன்" என்றாள்.

அவனுடைய பெயர் கிறெய்க். அவளும் ஞானரட்ணமும் மார்த்தோர்ப் என்ற சின்னக் கிராமத்தில் கடை வைத்திருந்த காலத்தில் அவனுக்கு இருபது வயதுக்குமேல் இருக்காது.

லண்டனில் பெற்றோல் நிலையத்து இரவு ஷிப்ட்டுகளில் அலுத்துப்போய், சொந்தக் கடை என்ற ஆசையில் அங்கே போனவர்கள் அவர்கள். மகள் பெனிற்றா அப்போது பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தாள். முன்னால் கடையும் தபாற்கந்தோரும், மேலே வீடு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முட்டைக்கோவா வயல். "மன்னார் வெளி மாதிரித்தான் கிடக்கு" என்று ஞானரட்ணம் முதல் நாளே சந்தோஷப்பட்டார். மெற்றில்டாவுக்கு அப்படித் தோன்றவில்லை. பனிக்காலத்தில் வயலில் விடப்பட்ட கோவா அழுகி, அந்த மணம் சேலைக்குள்ளும் பாணுக்குள்ளும் ஏறும். பின்னேரம் மூன்றரைக்கே இருட்டும். மூடுபனி வந்தால் எதிரே நிற்கிற தேவாலயம்கூடக் காணாமல் போகும். வயலோரக் கம்பி வேலியில், எலி மாதிரி மண்ணுக்குள் வளை தோண்டி வயலைக் கெடுக்கிற அகழான்களைப் பிடிக்கிறவன், கொன்றவற்றை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பான். எத்தனை பிடித்தான் என்று விவசாயிக்குக் காட்டுவதற்காம். கறுப்பு வெல்வெற் துண்டுகள் மாதிரி அவை காற்றில் ஆடும். பெனிற்றாவைக் கூட்டிக்கொண்டு அந்த வழியால் போகும்போது அவள் பிள்ளையின் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிவிடுவாள்.

சனம் நல்ல சனம்தான். ஞானரட்ணம் என்ற பெயர் அவர்களுடைய வாயில் நுழையவில்லை. அவரை 'மிஸ்டர் ஜி' என்றும் அவளை 'மிசிஸ் ஜி' என்றும் கூப்பிட்டார்கள். முட்டை கொண்டுவந்து தருவார்கள், முத்திரை வாங்க வந்து அரை மணித்தியாலம் நின்று கதைப்பார்கள். கிறெய்க்கின் தாய் மோறீன் தேவாலயம் கூட்டித் துடைக்கிறவள். கடைக்கு வந்தால் பெனிற்றாவின் கையில் ஒரு இனிப்பை வைக்காமல் போகமாட்டாள்.

ஒரு மார்கழிப் பின்னேரம், மூடுபனிக்குள்ளிருந்து ஒருவன் முகத்தைச் சால்வையால் சுற்றிக்கொண்டு கடைக்குள் வந்தான். கையில் கோவா வெட்டுகிற நீளக் கத்தி. "காசு லாச்சியைத் திற, மிசிஸ் ஜி" என்றான். அந்த ஒரு வசனத்தில் அது கிறெய்க் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. சொன்னபடி செய்தாள். சத்தம் கேட்டு ஞானரட்ணம் பின்னாலிருந்து வந்தார். வந்தவன் வெருண்டு, கவுண்டரில் இருந்த போத்தலைத் தூக்கி அவருடைய முகத்தில் அடித்துவிட்டு ஓடினான். வலது கண் போய்விட்டது.

அவள் பொலிசுக்குச் சொன்னாள். பிறகு நீதிமன்றத்திலும் சொன்னாள். சொல்லி முடிகிறவரை கிறெய்க் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மிரட்டவில்லை, கத்தவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அவன் சிறைக்குப் போன பிறகு மார்த்தோர்ப்பில் ஒருவரும் அவர்களை ஒரு சொல் ஏசவில்லை. கடைக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். மோறீனுடைய பிள்ளை அல்லவா! வாசல் மணி நாள் முழுக்க அடிக்காது. ஒரு காலையில் கடை திறக்கப் போனபோது கதவுக் கைபிடியில் ஒரு செத்த அகழான் நூலில் கட்டித் தொங்கியது. அடுத்த கோடைக்குள் கடையை விற்றுவிட்டு லண்டனில் மோர்டனுக்கு வந்துவிட்டார்கள்.

வந்து இருபது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. இந்த இருபது வருடமும் ஞானரட்ணம் வேறொரு மார்த்தோர்ப்பைக் கட்டி எழுப்பியிருந்தார். பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றாலும் சரி, கலியாண வீட்டில் சாப்பிட இருந்தாலும் சரி, "நாங்கள் மார்த்தோர்ப்பில இருக்கேக்க" என்று தொடங்கிவிடுவார். முழங்காலளவு பனி கொட்டிய வருடம் டிராக்டரில் ஏறிப்போய் வீடு வீடாகப் பாண் கொடுத்தது. மறோ என்று ஒரு காய், சுரைக்காய்க்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. அதைத் தோட்டத்தில் வளர்த்துக் கிராமத்துப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியது. கண்ணைப் பற்றி யாராவது கேட்டால், "அது ஒரு அக்சிடென்ற்" என்பார். மெற்றில்டா குறுக்கே பேசமாட்டாள். அவருக்கு அந்தக் கதைகள் வேண்டியிருந்தன. அவளுக்கு மௌனம் வேண்டியிருந்தது.

அவருடைய நெஞ்சில் இப்போது ஸ்டென்ற் வைத்திருக்கிறது. ஆகவே பார்சல்காரனைப் பற்றி அவள் அவரிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்குள் அவளுடைய நடமாட்டமே மாறிப்போனது. வான் சத்தம் கேட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்பாள். பின்பக்கப் படலைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டாள். மில்ற்றன் கீன்ஸில் இருக்கிற பெனிற்றாவுக்குப் போன் எடுத்து, "பிள்ளை, இனி ஒண்டும் ஓடர் பண்ணி அனுப்பாத. எல்லாம் கிடக்கு" என்றாள்.

பக்கத்து வீட்டுச் சிவரூபினி ஆஸ்பத்திரியில் நேர்ஸ். பகலில் வீட்டில் நிற்கமாட்டாள். அவளுக்கு வருகிற பார்சல்களை மெற்றில்டாதான் வாங்கி வைப்பது. இனி ஏலாது, முழங்கால் நோகுது என்று மெற்றில்டா சொன்னதும் சிவரூபினி ஒன்றும் குறை நினைக்கவில்லை.

"பரவாயில்லை அன்ரி. அந்த ட்ரைவர் நல்ல ஆள். மழையெண்டா பொலித்தீன்ல சுத்திப் பின் கேற்றுக்குப் பக்கத்தில வச்சிட்டுப் போவார். எந்த வீட்டில எப்ப ஆள் நிக்குதெண்டு எல்லாம் அவருக்குப் பாடம்."

சிவரூபினி நல்லதென்று நினைத்துத்தான் அதைச் சொன்னாள். மெற்றில்டாவுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. எந்த வீட்டில் யார் தனியே இருக்கிறார்கள், எந்தப் படலை பூட்டுவதில்லை, எந்தக் கிழவனுக்கு ஒரு பக்கம் கண் தெரியாது, எல்லாம் அவனுக்குப் பாடம்.

ஒருவேளை அவனுக்கு என்னைத் தெரியாமலிருக்கலாம் என்று மனதைத் தேற்றிப் பார்த்தாள். அதுவும் நீடிக்கவில்லை. ஒரு காலை பஸ்ஸுக்குப் போகும்போது, தெருமுனையில் வான் அவளுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. அவன் பெட்டியோடு குதித்து இறங்கினான். இருவருக்கும் இடையில் ஒரு முழத்துக்குமேல் தூரமில்லை. பார்த்தான். வாய் திறந்தபடி நின்றான். பிறகு பெட்டியைத் திரும்ப வானுக்குள் எறிந்துவிட்டு, அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கும் கொடுக்காமல் வானை எடுத்துக்கொண்டு போனான்.

தெரிந்துவிட்டது. தெரியாமலிருந்தபோது இருந்த பயம் வேறு. இப்போது நீதிமன்றத்தில் அவளையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள் ஒவ்வொரு நாளும் தெருவுக்குள் வந்து போயின. அவன் சிறையில் கழித்த நாட்களெல்லாம் யாரை நினைத்துக்கொண்டு கிடந்திருப்பான்? அவளைத்தானே?

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போகாமலிருக்க அவளுக்கு மனம் வரவில்லை. "ஆர் பெல் அடிச்சாலும் திறக்காதீங்கோ" என்று கணவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனாள். பூசையில் எதுவும் காதில் ஏறவில்லை. நற்கருணை வாங்கிய கையோடு புறப்பட்டுவிட்டாள்.

தெருவுக்குள் திரும்பியபோது வான் அவளுடைய வீட்டுக்கு நேரே நின்றது. முன்கதவு அகலத் திறந்து கிடந்தது.

ஓடினாளா நடந்தாளா என்று பிறகு யோசித்துப் பார்த்தும் நினைவு வரவில்லை. உள்ளேயிருந்து ஞானரட்ணம் பலமாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. கூடத்தில் அவர் சுவரைப் பிடித்தபடி நின்றார். எதிரே, கதவுக்கு உட்பக்கம், கிறெய்க் நின்றான். இரண்டு கையாலும் ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான்.

"...நடுவர் அம்மா என்னுடைய மறோவைக் குழந்தை மாதிரித் தூக்கிப் பார்த்தார்! முதல் பரிசு வாங்கினவன் பிறந்ததிலிருந்து அதே ஊர்க்காரன். நான் வந்து இரண்டு வருடம்!" ஞானரட்ணம் ஆங்கிலத்தில் கதையை நடத்திக்கொண்டிருந்தார். மனைவியைக் கண்டதும் முகம் இன்னும் மலர்ந்தது. "மெற்றில்டா, இந்தத் தம்பியின்ர பேச்சைக் கேட்டோண்ண எனக்கு விளங்கிட்டுது. லிங்கன்ஷயரோ எண்டு கேட்டன். இல்லையாம், நோர்விச் பக்கமாம். ஆனா எங்கட ஊர்ப் பேச்சு மாதிரியே கிடக்கு!"

கிறெய்க்கின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை. அதை அவள் கண்டாள். கண்டும் அந்த நேரம் அது அவளுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

"வெளியே போ!" என்று கத்தினாள். அவளுக்கே அது தன்னுடைய குரலாகத் தெரியவில்லை. "என் வீட்டை விட்டு வெளியே போ!"

"என்ன இது? அந்தப் பிள்ளை என்ர மருந்துப் பார்சல்..." என்று ஞானரட்ணம் தொடங்கினார்.

கிறெய்க் பெட்டியைக் குனிந்து தரையில் வைத்தான். அவளை உரசாமல் ஒதுங்கி வாசலுக்குப் போனவன், படியில் நின்று, "மன்னித்துக்கொள்ளுங்கள், மிசிஸ் ஜி" என்றான். பிறகு ஓட்டமும் நடையுமாகப் போய் வானில் ஏறினான்.

அவள் கதவை அடித்துச் சாத்தி, சங்கிலியைப் போட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். ஞானரட்ணம் அந்தப் பெயரைக் கேட்டிருந்தார். லண்டனில் ஒருவரும் அவளை மிசிஸ் ஜி என்று கூப்பிடுவதில்லை.

"ஆர் அது?" என்று கேட்டார்.

"கிறெய்க்."

அவர் கையை உயர்த்தித் தன்னுடைய வலது கண்ணைப் பொத்திக்கொண்டார், யாரோ திரும்ப அடிக்க வருகிற மாதிரி.

அதன் பிறகு பயப்படுகிறவர்கள் அந்த வீட்டில் இரண்டு பேர். ஞானரட்ணம் ரேடியோவைப் போடுவதை நிறுத்தினார். வெளிச்சத்தம் கேட்கவேண்டுமாம். முன்னறைத் திரைகள் பகலிலும் மூடியே இருந்தன. தெரிந்தவர்கள் போனில் கூப்பிட்டால் ஓம், இல்லை என்பதோடு வைத்துவிடுவார். மார்த்தோர்ப் என்ற சொல் அவருடைய வாயிலிருந்து வரவேயில்லை. இருபது வருடமாக அந்தக் கதைகளைக் கேட்டுச் சலித்த மெற்றில்டாவுக்கு, இப்போது அவை இல்லாத வீடு, வாசல் மணி அடிக்காத அந்தக் கடையைப் போல இருந்தது.

கடைசியில் பெனிற்றாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். பெனிற்றா கொதித்தெழுந்துவிட்டாள்.

"அம்மா, are you mad? இவ்வளவு நாளா ஏன் சொல்லேல்லை? நான் அந்தக் கொம்பனிக்கு இப்பவே போன் அடிக்கிறன்."

"வேண்டாம் பிள்ளை. அவனுக்குக் கோவம் வந்தா..."

"அப்பான்ர கண்ணை எடுத்தவன் வீட்டுக்குள்ள வந்து நிண்டிருக்கிறான். நீங்கள் அவன்ர கோவத்தைப் பாக்கிறியளோ?"

பெனிற்றா போன் அடித்துச் சொல்லிவிட்டாள். அடுத்த கிழமையே தெருவுக்கு வேறொரு ட்ரைவர் வந்தான். மெற்றில்டாவுக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. மார்த்தோர்ப்பில் பொலிசுக்குச் சொன்னபோதும் இப்படித்தான் முதலில் எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது. அதற்குப் பிறகுதானே அகழான் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது பெல் அடித்தது. ஞானரட்ணம் கதிரையை விட்டு எழுந்தார். மெற்றில்டா திரை விளிம்பால் பார்த்தாள். வான் இல்லை. மஞ்சள் மேலங்கி இல்லை. சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவன் தனியே படியில் நின்றான். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

"அவன்தான்" என்றாள். அவளுடைய கண் அந்தப் பைகளை விட்டு நகரவில்லை.

"பொலிசுக்கு அடியும்."

போனைக் கையில் எடுத்தாள். அதற்குள் கதவில் கடிதம் போடுகிற துவாரத்தின் மூடி மெல்லத் திறந்தது. இருவரும் பின்னால் விலகிச் சுவரோடு நின்றார்கள்.

"மிசிஸ் ஜி, கதவைத் திறக்க வேண்டாம்" என்றது அந்தக் குரல். "திறக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். இரண்டு நிமிஷம் சொல்லிவிட்டுப் போகிறேன்."



"நான் உங்களைத் தேடி வரவில்லை. இந்தத் தெரு என் பட்டியலில் இருந்தது, அவ்வளவுதான். உங்களைக் கண்ட அன்றைக்கே வேலையை விட்டிருக்கவேண்டும். விடமுடியவில்லை. எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அன்றைக்குப் பார்சலைப் படியில் வைத்துவிட்டுப் போகத்தான் நினைத்தேன். அவர் கதவைத் திறந்து கதைக்கத் தொடங்கிவிட்டார்." மூடி விழப் பார்த்தது; ஒரு விரல் அதைத் திரும்பத் தூக்கியது. "எங்கள் ஊரைப் பற்றி யாரும் கதைத்து நான் கேட்டு எவ்வளவோ காலம். அதனால்தான் நின்றுவிட்டேன். பொய் சொன்னதற்கு மன்னிக்கவேண்டும்."

"என்ன வேணும் உனக்கு?" என்று மெற்றில்டா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"கம்பனி என்னை நிறுத்தி வைத்திருக்கிறது. விசாரிக்கப் போகிறார்கள். நான் இங்கே வந்து உங்களை மிரட்டியதாக எழுதியிருக்கிறார்கள். நான் மிரட்டவில்லை என்று ஒரு சொல் சொல்வீர்களா? அது மட்டும்தான். சொல்லாவிட்டாலும் நான் இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்."

சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ஞானரட்ணம் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"மோறீன் எப்படி இருக்கிறார்?"

"அம்மா, நான் சிறையில் இருக்கும்போது போய்விட்டார். சவச்சடங்குக்குக் கையில் விலங்கோடு கூட்டிப்போனார்கள். ஊரில் ஒருவரும் என்னோடு பேசவில்லை." மூடி மெல்ல விழுந்தது. காலடி படியிறங்கித் தெருவில் தேய்ந்தது.

அவள் திரைக்குப் பின்னால் நின்று, அவன் தெருமுனை திரும்புகிறவரை பார்த்தாள். பிறகும் நின்றாள், திரும்பி வருகிறானா என்று.

"பாவம்" என்றார் ஞானரட்ணம்.

"உங்களுக்குப் பாவமா இருக்கலாம். எனக்கு இன்னும் கால் நடுங்குது."

"எனக்கும்தான்" என்றார் அவர்.

திங்கட்கிழமை மெற்றில்டா மகளிடம் கேட்காமலே அந்தக் கம்பனிக்குப் போன் எடுத்தாள். இரண்டு இடத்துக்கு மாற்றி மாற்றிக் கொடுத்து, கடைசியில் ஒரு இளம்பெண் கதைத்தாள். அந்த மனிதன் என் வீட்டில் ஒருவரையும் மிரட்டவில்லை, கையால் தொடவில்லை, போகச் சொன்னதும் போய்விட்டான் என்று மெற்றில்டா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அப்படியென்றால் முறைப்பாட்டை மீளப் பெறுகிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். "நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஆனால் அவன் இனி என்னுடைய தெருவுக்கு வரக்கூடாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள். இரண்டும் உண்மை. எதையும் விட்டுக்கொடுக்க அவளால் ஏலாது.

அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்ததா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியவரவில்லை. பெனிற்றா ஒரு மாதம் தாயோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மெற்றில்டா பூசைக்குப் போய்வரத் தொடங்கினாள். ஆனால் கதவுச் சங்கிலியை ஒரு நாளும் கழற்றி வைக்கவில்லை.

ஒரு பின்னேரம் இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது ஞானரட்ணம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மெற்றில்டா, அண்டைக்குக் கடையில என்ன நடந்தது? நான் பின்னால இருந்து வந்தது தெரியும். மிச்சம் ஒண்டும் ஞாபகமில்லை. உம்மட்டக் கேக்கவும் எனக்குப் பயம்."

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டது இதுதான் முதல்தரம். அவள் எங்கே தொடங்குவது என்று யோசித்தாள். பிறகு வாசல் மணி அடித்ததிலிருந்து சொல்லத் தொடங்கினாள். சால்வை, கத்தி, அவன் கூப்பிட்ட விதம், தான் லாச்சியைத் திறந்தது, அவர் வந்தது, போத்தல் உடைந்த சத்தம், அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்புலன்ஸ் வருகிறவரை மூடுபனிக்குள் கத்திக்கொண்டிருந்தது.

வெளியே ஒரு வான் வந்து நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கினார்கள். எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. வான் புறப்பட்டுப் போய்விட்டது.

"சொல்லும்" என்றார் அவர்.

அவள் மீதியைச் சொன்னாள்.